யார் வீட்டுச் சொத்து இந்தச் சொற்கள்?

கேள்வி: எங்கள் பக்கம் தேவாலயப் போதகரை 'ஐயர்' என்கிறார்கள். தேவாலயத்தை 'வேதக்கோயில்' என்கிறார்கள். மசூதிக்குப் 'பள்ளிவாசல்' என்று பெயர். எல்லாம் நம் மதத்துச் சொற்கள். மற்றவர்கள் இவற்றைப் பயன்படுத்தக் கூடாது என்று உங்கள் இதழ் ஒரு கையெழுத்து இயக்கம் தொடங்கினால் என்ன?
- ஒரு வாசகர், திருநெல்வேலி மாவட்டம்

பதில்: நீங்கள் சொன்ன சொற்களில் பெரும்பாலானவை எந்த மதத்திலும் பிறந்தவை அல்ல.

'ஐயர்' என்பதையே எடுத்துக்கொள்வோம். கலித்தொகை 39ஆம் பாட்டில் ஒரு மலையூர்ப் பெண்ணின் காதலைத் தாய் 'ஐயர்' காதில் போடுகிறாள். அந்த ஐயர், பெண்ணின் அண்ணன்மார். அம்பைப் பார்க்கிறார்கள், வில்லைப் பார்க்கிறார்கள், கண் சிவக்கிறது. ஒரு பகல் முழுக்கக் கொதித்துவிட்டு அப்புறம்தான் ஆறுகிறார்கள். அண்ணன், தலைவன், பெரியவர் என மரியாதைக்குரியவர்களுக்கெல்லாம் வழங்கிய சொல் அது. ஒரு சாதியின் பட்டமாகச் சுருங்கியது பிற்பாடு. உங்கள் மாவட்டத்துக் கிறிஸ்தவர்கள் போதகரை ஐயர் என்றும் அவர் மனைவியை ஐயரம்மா என்றும் அழைப்பது அந்தப் பழைய பொருளுக்குப் பக்கத்தில்தான் நிற்கிறது. திருவாசகத்தை ஆங்கிலத்தில் தந்த ஜி.யு.போப்பையும் தமிழர்கள் போப்பையர் என்றார்கள். யாரும் ஏமாந்துபோய்விடவில்லை.

கோயில்? கோவின் இல், அதாவது அரசன் வீடு. புறநானூறு 67இல் பிசிராந்தையார் அன்னச் சேவலிடம், உறையூரில் வாயிற்காவலரிடம் நிற்காமல் நேரே 'கோயில்' புகு என்கிறார். அது கோப்பெருஞ்சோழனின் அரண்மனை. 'இறைவன்' என்ற சொல்லும் அப்படித்தான். குறளில் 'இறைமாட்சி' அதிகாரம் முழுக்க அரசனைப் பற்றியது. அரண்மனைச் சொற்கள் ஆண்டவனுக்குப் போனபோது எந்த அரசனும் வழக்குப் போடவில்லை. ஆழ்வார் என்றால் நமக்கு வைணவப் பெரியோர் மட்டும்தான் நினைவுக்கு வருவார்கள். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டோ ராஜராஜனின் அக்காவை 'ஆழ்வார் பராந்தகன் குந்தவையார்' என்கிறது.

பள்ளிக்கு வருவோம். உங்கள் பட்டியலில் என் மனதுக்கு மிக நெருக்கமான சொல் இது. மதுரைக்குப் பக்கத்தில் மாங்குளம் மலைக்குகைகளில் சமண முனிவர்களுக்காகப் பாறையையே வழவழப்பாகச் செதுக்கிப் படுக்கைகள் அமைத்திருக்கிறார்கள். மேலே தமிழ்ப் பிராமி எழுத்தில் பாண்டியன் நெடுஞ்செழியனின் பெயரும், 'பளிய்' என்ற சொல்லும் வெட்டப்பட்டிருக்கின்றன. இரண்டாயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட எழுத்து. முனிவர்கள் தங்கிய இடம் பள்ளி. பிள்ளைகள் படிக்கும் இடமும் பள்ளி. சிவன் கோயிலில் பள்ளியறை, பெருமாளுக்குத் திருப்பள்ளியெழுச்சி, முஸ்லிம்களுக்குப் பள்ளிவாசல். 'நம் மதத்துச் சொல்' என்று எழுதியிருக்கிறீர்களே, இதில் உரிமை கோரிச் சமணர்கள் வந்தால் என்ன சொல்வீர்கள்?

ஒரே ஒரு இடத்தில் உங்கள் சந்தேகத்துக்கு அடிப்படை உண்டு. அதை மறைக்க மாட்டேன். 1606இல் மதுரைக்கு வந்த இத்தாலியப் பாதிரியார் ராபர்ட் டி நொபிலி, காவி உடுத்தி, புலால் விட்டு, வேதம், குரு முதலான சொற்களைத் திட்டம் போட்டே எடுத்துக்கொண்டார். மதம் மாற்றுவது அவர் நோக்கம். அதைக் கண்டித்து எழுத யாருக்கும் உரிமை இருக்கிறது. அன்றைக்கே அவர் சபைக்காரர்கள் கண்டித்தார்கள். 1623இல் போப்பாண்டவர் பதினைந்தாம் கிரகோரி அனுமதி தந்த பிறகுதான் அந்தச் சண்டை தணிந்தது. ஆனால் அவர் எடுத்ததால் வேதம் என்ற சொல் உங்களிடம் குறைந்துவிடவில்லை. ருக் வேதம் ஓதுகிற இடத்தில் இன்றும் ஓதத்தான் செய்கிறார்கள். வேதக்கோயிலுக்குப் போகிறவர்கள், நானூறு ஆண்டுகளாக அந்தச் சொல்லோடு பிறந்து, மணந்து, இறந்தவர்களின் பிள்ளைகள். அவர்களுக்கும் அது தாய்மொழிச் சொல்தான்.

அவர்களைப் பார்த்து 'இனி இப்படிப் பேசாதே' என்று சொல்லச் சொல்கிறீர்கள். தமிழ் பேசுகிற ஒருவரின் வாயிலிருந்து தமிழ்ச் சொல்லைப் பிடுங்கும் வேலையை இந்த இதழ் செய்யாது. நீங்கள் கேட்ட கையெழுத்து இயக்கத்துக்கு இங்கே இடம் இல்லை.