கத்தி உறையின் தையல் அறுந்துகொண்டே இருக்கிறது: வெளியே கொடுத்துச் செய்யலாமா?

முழு வேலையையும் வெளியே கொடுக்காதீர்கள். உங்கள் கத்தியை வைத்து வரைந்த அளவட்டையை நீங்களே வெட்டி, தையலை மட்டும் கொடுங்கள். திருப்பாச்சேத்தி போன்ற ஊர்ப் பட்டறைகளில் கையால் அடித்த கத்தி ஒன்றுபோல் இன்னொன்று இருக்காது. பொது அளவில் தைத்துத் தருபவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் உறை பொருந்தாது.

மதுரையில் செருப்புத் தைப்பவரிடம் செய்த உறை ஓரத்தில் பிரிகிறது என்றீர்கள். நூல் மட்டம் என்று நினைக்க வேண்டாம். இரண்டு தோலுக்கும் நடுவே, கூர்ப்பக்கம், தோல்பட்டை வைக்காமல் தைத்திருப்பார்கள். கத்தியைச் செருகும்போதெல்லாம் கூர் நூலைத்தான் அறுக்கிறது.

சோதித்துப் பாருங்கள்: கூரில் சாக்பீஸ் தடவி, மெதுவாகச் செருகி எடுங்கள். அப்புறம் பிரிந்த ஓரத்தை விரித்துப் பாருங்கள். வெள்ளைக்கோடு தையல் துளைகள் மேல் விழுந்திருந்தால் அதுதான் காரணம். கத்தியின் முதுகுக் கனத்துக்குக் குறையாத பட்டையை ஒட்டி, அதன் ஊடாகத் தைக்கச் சொல்லுங்கள். கூர் பட்டையில் மோதட்டும், நூலைத் தொடக் கூடாது.

தோலையும் நீங்களே பார்த்து வாங்குங்கள். பைக்கு உதவும், குரோம் உப்பில் பதனிட்ட மெல்லிய தோல் வேண்டாம், வடிவம் நிற்காது. மரப்பட்டை போட்டுப் பதனிட்ட 3 மி.மீ. தோல் கேளுங்கள். ஆனால் எந்தத் தோலானாலும் ஈரத்தை இழுக்கும். உங்கள் கத்தி எவர்சில்வர் அல்லாத கரிம எஃகு என்றால், மாதக்கணக்கில் உறைக்குள்ளேயே வைக்காதீர்கள், துரு பிடிக்கும்.