டெட் ஸ்பேஸ் வீடியோ கேம்: முதல் பாகமா, இரண்டாம் பாகமா? கேள்வி பதில்

கே: அண்ணா, 2008-ல் வந்த முதல் பாகத்தை முடித்தாயிற்று. 2011-ல் வந்த இரண்டாவதை ஆரம்பிக்கப் போகிறேன். எதற்குக் கையைப் பழக்க வேண்டும்?

ப: முதலில் கைனசிஸ், பொருள்களைத் தொலைவிலிருந்தே தூக்கி எறியும் சக்தி. முதல் பாகம் நடக்கும் இஷிமுரா விண்கப்பலில் அதைப் பெரும்பாலும் பெட்டி நகர்த்தவும் பொறிகளை இயக்கவும்தான் எடுத்திருப்பீர்கள். இரண்டாவது நடக்கும் டைட்டன் விண்வெளி நிலையத்தில் அதுவே செலவில்லாத ஆயுதம். ஸ்லாஷர் என்ற எதிரியின் கத்திக்கையை வெட்டுங்கள். விழுந்த கையைக் கைனசிஸில் தூக்கி, அடுத்து வருவதன் உடம்பில் பாய்ச்சுங்கள். பல சமயம் அப்படியே சுவரில் செருகி நிற்கும். ஒரு குண்டுகூடப் போகாது.

ஜீரோ கிராவிட்டியில் முன்பு ஒரு சுவரிலிருந்து இன்னொரு சுவருக்குத் தாவுவதோடு சரி. இப்போது நினைத்த பக்கம் பறக்கலாம். எதிரியை மெதுவாக்கும் ஸ்டேசிஸும் தானாகவே மெல்ல நிரம்பும், அதனால் பதுக்காமல் பயன்படுத்துங்கள். செத்த உடல்களை மிதிக்காமல் போகாதீர்கள். மிதித்தால்தான் உள்ளிருக்கும் பொருள் வெளியே விழும்.

கே: குண்டு போதவே மாட்டேன் என்கிறது.

ப: எத்தனை ஆயுதம் சுமக்கிறீர்கள்? கையில் இருக்கும் ஆயுதங்களுக்கு ஏற்றபடிதான் குண்டு விழும், இரண்டு பாகத்திலும். நான்கு இடத்தையும் நிரப்பினால் நான்கு வகைக் குண்டும் கொஞ்சம் கொஞ்சமாக வரும். ஆரம்ப ஆயுதமான பிளாஸ்மா கட்டரோடு இன்னொன்று போதும், மிச்சத்தைக் கடையில் போட்டுவையுங்கள்.

தலையைச் சுடாதீர்கள். தலை போனாலும் எதிரி ஓடி வரும். கட்டரைக் கிடைமட்டமாக வைத்து ஒரு காலை வெட்டுங்கள். விழுந்து தவழும்போது செங்குத்தாகத் திருப்பிக் கையை எடுங்கள். வெடிக்கும் மஞ்சள் பையைக் கையில் சுமந்து வரும் எக்ஸ்ப்ளோடர் வந்தால், பை கையோடு சேரும் இடத்தில் சுட வேண்டும். பை வெடிக்காமல் கழன்றால் அதையே தூக்கி எறியலாம்.

கே: ஆயுதத்தை மேம்படுத்தும் பவர் நோட்களை எதில் போடலாம்?

ப: முதல் பாகத்தில் போட்டது போட்டதுதான், திரும்ப வராது. இரண்டாவதில் 5000 கிரெடிட் கொடுத்தால் அந்த ஆயுதத்தின் நோட்கள் அத்தனையும் திரும்பக் கிடைக்கும், துணிந்து சோதிக்கலாம். எதுவானாலும் பாதையின் நடுவே உள்ள வெற்றுக் கட்டத்தில் நோடைப் போட்டு நிறுத்தாதீர்கள். அடுத்த டேமேஜ் கட்டம் வரை எட்டும் அளவு சேர்ந்த பிறகு, நோட் போடும் பெஞ்சுக்குப் போங்கள். கடையில் ஒரு நோட் 10,000 கிரெடிட்.

கே: எந்த ஆயுதம் சிறந்தது?

ப: கட்டர். காரணம் மேலே.

கே: உண்மையைச் சொல்லுங்கள், இரண்டாவது பாகம் வெறும் ஆக்‌ஷன் கேம்தானே? முதல் பாகத்தில் பேசாத நாயகன் ஐசக் இதில் பேசுகிறார், ரயில் கவிழ்கிறது, பயம் எங்கே?

ப: பத்தாவது அத்தியாயத்தை விளையாடிவிட்டுச் சொல்லுங்கள். ஐசக் மறுபடி இஷிமுராவுக்குள் போகிறார். எங்கும் பிளாஸ்டிக் திரை, துப்புரவு விளக்கு. வெகு நேரம் ஒரு நெக்ரோமார்ஃப்கூட (செத்த உடலிலிருந்து உருவான எதிரி) வராது. முதல் பாகத்தை ஆடியவர்களுக்கு எந்த மூலையில் எது பாய்ந்தது என்று நினைவிருக்கும், அந்த நினைவே பயமுறுத்திவிடும். அடுத்த பாகத்தால் மட்டுமே செய்ய முடிகிற வேலை அது.

கே: (அவரே) அது ஒரு அத்தியாயம். மற்ற பதினான்கு?

ப: நியாயமான கேள்வி. எதிரிகள் கூடுதல், ஓட்டம் வேகம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பயத்தைக் குறைத்தது ஐசக்கின் பேச்சு இல்லை, வரைபடம். முதல் பாகத்தில் டிராம் உங்களைப் பழைய தளத்துக்கே கொண்டுவரும்: இரண்டாம் அத்தியாயத்து மருத்துவத் தளத்துக்கு ஐந்தாவதில் திரும்புகிறீர்கள், தெரிந்த இடம் கெட்டுப்போய்க் கிடக்கிறது, அங்கேதான் வெட்ட வெட்ட முளைக்கும் ஹண்டர் துரத்துகிறது. டைட்டனில் போவது ஒருவழிப் பாதை, கடந்த இடத்துக்குப் பெரும்பாலும் திரும்ப வேலையில்லை. சண்டையில் இரண்டாவது மேல், இடம் தரும் அச்சத்தில் முதலாவது மேல்.

கே: (இன்னொருவர்) அப்படியானால் முதல் பாகத்தைப் புதிதாகச் செய்த 2023 ரீமேக்?

ப: இந்த வாதத்துக்குச் சரியான பதிலே அதுதான். கப்பல் முழுக்க ஒரே தொடர்ச்சி, எப்போது வேண்டுமானாலும் திரும்பலாம். பறப்பதை இரண்டாம் பாகத்திலிருந்து எடுத்துக்கொண்டார்கள். ஐசக்கும் பேசுகிறார், ஆனாலும் பயம் குறையவில்லை. நீங்கள் துடைத்துவிட்டுப் போன அறையில் விளக்கும் சத்தமும் எதிரியும் மாறியிருக்கும்.

கே: இரண்டாவதில், மறைந்திருந்து ஓடிவந்து மோதும் ஸ்டாக்கர்களிடம் திரும்பத் திரும்பச் சாகிறேன்.

ப: தேடிப் போகாதீர்கள். முதுகுக்குச் சுவர் இருக்கும் மூலையில் நில்லுங்கள். வரக்கூடிய வழியில் டெட்டனேட்டர் கண்ணிகளை வையுங்கள். வெடிக்காத கண்ணிகளை ஆயுதத்தின் இரண்டாவது சுடும் முறையால் (alternate fire) செயலிழக்கச் செய்து பொறுக்கிக்கொள்ளலாம். ஓடி வரும்போது ஸ்டேசிஸ், பிறகு கால்.

கே: பிசியில் முதல் பாகத்தின் மவுஸ் இழுத்தடிக்கிறது.

ப: கேம் அமைப்பில் வி-சிங்க்கை (படத்தைத் திரையின் வேகத்தோடு ஒத்திசைப்பது) அணையுங்கள். திரையில் படம் கிழிந்ததுபோல் தெரிந்தால் கிராஃபிக்ஸ் டிரைவரில் வி-சிங்க் போட்டுக்கொள்ளுங்கள்.

கே: குண்டு பத்தவில்லை அண்ணா, என்ன செய்ய?

ப: இரண்டாவது பதிலைப் படியுங்கள். தலையைச் சுடாதீர்கள்.

கே: மூன்றாம் பாகம் எப்படி?

ப: அதற்குத் தனியாக உட்கார வேண்டும், இங்கே வேண்டாம்.

கே: இரண்டாம் பாகத்தின் மிகக் கடினமான ஹார்ட்கோர் நிலையில் மூன்றே சேவ். எங்கே செலவழிப்பது?

ப: செக்பாயின்ட் கிடையாது, செத்தால் கடைசி சேவிலிருந்துதான். முதல் இரண்டை நீண்ட இடைவெளி விட்டுப் போடுங்கள். மூன்றாவதை ஐசக்கின் கண்ணில் ஊசி இறக்கும் இயந்திரத்துக்கு முன்னால் இருக்கும் சேவ் இடத்துக்கு வையுங்கள், அங்கே ஒரு தவறு நேரே மரணம். விளக்கு நீலமாக இருக்கும்போது மட்டும் ஊசியை இறக்குங்கள். சிவப்பானால் விட்டுவிட்டுக் கண்மணியை மறுபடி நடுவில் பிடியுங்கள். அதன் பிறகு வரும் ஊபர்மார்ஃப் என்ற எதிரியைக் கொல்லவே முடியாது. காலை வெட்டி, ஸ்டேசிஸ் போட்டு, ஓடுங்கள்.