சுங்கை சிப்புட்டில் பார்க்க என்ன இருக்கிறது?

கேள்வி: கோயம்புத்தூரிலிருந்து ஆறு மாதத் தன்னார்வப் பணிக்காக மலேசியாவின் சுங்கை சிப்புட் வந்திருக்கிறேன். மாலையில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருகிறேன். ஞாயிற்றுக்கிழமையானால் அறையிலேயே முடங்கிக் கிடக்கிறேன். எல்லோரும் கோலாலம்பூர் போகச் சொல்கிறார்கள். இந்த ஊரில் சுற்றிப் பார்க்க ஏதாவது உண்டா?

பதில்: தங்கச்சி, கோலாலம்பூர் எங்கும் ஓடிப்போகாது. முதல் நான்கு ஞாயிறும் அந்தப் பக்கமே போகாதீர்கள். அங்கே போய்ப் பழகிவிட்டால் வாரம் முழுக்க மனசு பஸ் ஸ்டாண்டிலேயே நிற்கும், நீங்கள் பாடம் சொல்லித் தருகிற பிள்ளைகளின் ஊர் கடைசிவரை உங்களுக்குத் தெரியாமலே போய்விடும்.

அதற்கு முன் ஒன்று. சம்பளம் இல்லாததால் இது வேலை ஆகாது, சுற்றுலா அனுமதியே போதும் என்று இருந்துவிடாதீர்கள். உங்களை அழைத்தவர்கள் எந்த வகை அனுமதி எடுத்திருக்கிறார்கள் என்று கேட்டு, தாளைக் கண்ணால் பாருங்கள். வெளியே போகும்போது பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும்.

சரி, ஊருக்கு வருவோம். முதல் ஞாயிறு காலைச் சந்தைக்குப் போங்கள், அப்புறம் ஒரு ஒட்டுக்கடையில் (சிறு சாப்பாட்டுக் கடை) ரொட்டி சானாயும் (பரோட்டா மாதிரி) தே தாரிக்கும் (ஆற்றிய பால் தேநீர்) சொல்லிவிட்டு உட்காருங்கள். பக்கத்து மேசைப் பெரியவரிடம் "நீங்க எந்தத் தோட்டம்யா?" என்று கேளுங்கள், போதும். ரப்பர் தோட்டத்தை விட்டு வந்து தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டில் இருபது வருஷம் ஆனவரும் தோட்டத்தின் பெயரைத்தான் சொல்வார்.

அந்தப் பேச்சில் துன் சம்பந்தன் பெயர் வராமல் இருக்காது. இந்த ஊர்க்காரர், மலேசிய இந்தியர் காங்கிரஸ் தலைவராக இருந்தவர். சுதந்திரத்துக்குப் பிறகு வெள்ளைக்கார முதலாளிகள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றபோது, பாட்டாளிகள் வேலையும் வீடும் சேர்ந்தே இழந்தார்கள். அவர்களிடமே பத்துப் பத்து வெள்ளியாக (அந்த நாட்டுப் பணம்) சேர்த்து 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தோட்டம் வாங்க வழி செய்தவர் அவர். மகாத்மா காந்தி கலாசாலை வாசலில் நிற்கும்போது இது உங்கள் நினைவில் இருக்க வேண்டும், அந்தத் தமிழ்ப்பள்ளியும் அவர் உருவாக்கியதுதான்.

இரண்டாவது ஞாயிறு தோட்டம். தனியாக நுழையாதீர்கள், தனியார் நிலம், ஆபீசில் கேட்டுவிட்டு உள்ளூர்க்காரர் ஒருவரோடு போங்கள். இப்போது எங்கே பார்த்தாலும் எண்ணெய் எடுக்கும் செம்பனைதான், அதனால் பால்மரம் (ரப்பர் மரம்) இன்னும் எங்கே நிற்கிறது என்று முதலில் விசாரியுங்கள். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும், விடியும்போதே அங்கே இருக்க வேண்டும். பால் வெட்டி ஓய்வு பெற்ற ஓர் அக்கா என்னைக் கூட்டிப்போய்க் காட்டினார். மரத்தின் வெட்டுக் கோட்டில் காய்ந்திருந்த ஒட்டுப்பாலை விரலால் பிடித்து இழுத்தார், நாடா போல நீளமாக வந்தது. பிறகு இடது மேலிருந்து வலது கீழாக ஒரே சீவல், பட்டை நகக் கனத்துக்குத்தான் விழுந்தது. ஒரு மூச்சு நேரம் ஒன்றுமில்லை. அப்புறம் வெள்ளையாக முத்து முத்தாகக் கசிந்து, சேர்ந்து, மங்குக் கிண்ணத்தில் சொட்ட ஆரம்பித்தது. "ஆழமாப் போனா மரம் புண்ணாயிடும்" என்றார். இத்தனை வருஷத்துக்குப் பிறகும் அந்தக் கை நடுங்கவில்லை, எனக்குத்தான் கண் கலங்கியது.

லயங்களை (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) கேட்காமல் படம் எடுக்காதீர்கள், அது ஒருவருடைய வீடு. கொசுவால் டிங்கி (டெங்கு) காய்ச்சல் வருகிற நாடு, முழுக்கை போடுங்கள்.

1948 ஜூன் 16-ஆம் தேதி இந்த வட்டாரத்து எல்ஃபில் தோட்டத்திலும் பக்கத்திலும் மூன்று ஐரோப்பியர்கள் சுட்டுக் கொல்லப்பட்டதைத் தொடர்ந்துதான் மலாயாவில் அவசரகாலம் (கம்யூனிஸ்டுகளுடன் ஆங்கிலேய அரசு நடத்திய மோதல் காலம்) வந்தது. அந்த நாள்களைப் பற்றிப் பெரியவர்கள் தாங்களாகச் சொன்னால் கேளுங்கள், கிண்டாதீர்கள்.

மூன்றாவது வாரம் வடக்கே கோலகங்சார். 1917-இல் கட்டி முடித்த உபுடியா பள்ளிவாசலைப் பார்க்கத்தான் எல்லோரும் போவார்கள், நீங்கள் மாவட்ட அலுவலகத்துப் பக்கமும் போங்கள். 1877-இல் வந்த நாற்றுகளில் வளர்ந்த பழைய ரப்பர் மரம் ஒன்று அங்கே நிற்கிறது. உங்கள் வகுப்புப் பிள்ளைகளின் கொள்ளுத்தாத்தாக்களைக் கப்பலேற்றி வந்த பயிர் அதுதான். நான்காவது வாரம் தெற்கே ஈப்போ, குனோங் சீரோ குன்றில் கல்லுமலை முருகன் கோயில்.

இரண்டு ஊருக்கும் இங்கிருந்து ரயில் உண்டு, ஆனால் எல்லா ரயிலும் சுங்கை சிப்புட்டில் நிற்காது, அதனால் திரும்பி வரும் டிக்கெட்டை முதலில் எடுத்துக்கொள்ளுங்கள்.