ஆகஸ்ட் 15 அன்னிக்கு க்ரூஸ் கப்பல் சென்னைல ஒரு பகல் நிக்குது, இறங்கி ஊர் சுத்தலாமா, இல்ல எல்லாம் மூடிதான் இருக்குமா?

தாராளமா இறங்குங்க. கடை மூடியிருக்குமேன்னு கவலைப்படாதீங்க, அன்னிக்கு காலைல ரோடுதான் உங்களுக்கு தலைவலி. ஹார்பரும் கோட்டையும் பக்கத்து பக்கத்துல இருக்கு, சிஎம் கொடியேத்துறது அந்த கோட்டைலதான் (1973 வரைக்கும் கவர்னர்தான் ஏத்திட்டு இருந்தாரு, கலைஞர் கேட்டு வாங்கின உரிமை இது), அதனால நேப்பியர் பாலத்துலேர்ந்து ரிசர்வ் பேங்க் சப்வே வரைக்கும் விழா முடியுற வரை வண்டிய விடமாட்டாங்க. எங்க அக்கா குடும்பம் சிங்கப்பூர்லேர்ந்து இப்படித்தான் வந்தாங்க, மாமா டாக்ஸிதான் வேணும்னு புடிச்சு, ஹார்பர் பக்கத்துல இருக்கற பாரிஸ் கார்னர் உள்ள சந்து சந்தா சுத்தி ஒருவழியா வெளிய வர்றதுக்குள்ள பசங்க தூங்கிடுச்சுங்க.

நான் சொல்றது ரயில். ஹார்பர் கேட்டுக்கு எதிர்லயே பீச் ஸ்டேஷன், அங்க பறக்கும் ரயில் ஏறினா ரோட்டுல என்ன டைவர்ஷன் போட்டாலும் நமக்கென்ன, நேரா மயிலாப்பூர்ல திருமயிலை ஸ்டேஷன்ல இறங்கி கபாலி கோயிலுக்கு நடந்தே போயிடலாம். அன்னிக்கு ஞாயித்துக்கிழமை டைம்டேபிள் ஓடும், வண்டிக்கு வண்டி இடைவெளி ஜாஸ்தி, அத மட்டும் கணக்குல வச்சுக்கோங்க. மதியானம் நடை சாத்திட்டா திரும்ப 4 மணி வாக்குலதான் திறப்பாங்க, அதனால காலைலயே போயிடுங்க. சுதந்திர தினத்துக்கு அறநிலையத்துறை கோயில் பலதுல பொது விருந்து போடுவாங்க, மந்திரிங்க கூட வந்து ஜனங்களோட உக்காந்து சாப்பிடுவாங்க, கூட்டத்த பத்தி கவலையில்லன்னா நீங்களும் பந்தில உக்காரலாம், யாரும் ஒண்ணும் கேக்கமாட்டாங்க.

எக்மோர் மியூசியம் லீவு. பேங்க் லீவு, ஏடிஎம் வேலை செய்யும். டாஸ்மாக் சுத்தமா கிடையாது, மாமாவுக்கு அதுல ஒரு வருத்தம். டி.நகர்ல ஜவுளிக்கடை எல்லாம் ஜேஜேன்னு இருக்கும், ஆனா பாரிஸ் ஹோல்சேல் கடைங்க பாதி ஷட்டர் போட்டிருக்கும். எனக்கு கேட்டா அதுதான் நல்லது, மத்த நாள்ல தம்பு செட்டி தெருவுல லோடு வண்டிக்கு நடுவுல நடக்கவே முடியாது, அன்னிக்கு நிம்மதியா காளிகாம்பாள் கோயில் வரைக்கும் போலாம், 1677ல சத்ரபதி சிவாஜி வந்து கும்பிட்டதா சொல்ற கோயில் அது. அப்படியே அர்மேனியன் தெரு, அப்புறம் செகண்ட் லைன் பீச் (பேருதான் பீச், அது ஒரு தெரு). அங்க பர்மாலேர்ந்து திரும்பி வந்தவங்க ஆரம்பிச்ச அத்தோ (பர்மா நூடுல்ஸ்) கடைங்க இருக்கு, வாழைத்தண்டு சூப்போட சாப்பிடணும். அது பெரும்பாலும் சாயங்கால வியாபாரம்தான், கப்பல் சீக்கிரம் கிளம்புதுன்னா கிடைக்கறது கஷ்டம்.

மகாபலிபுரம் மட்டும் வேண்டாங்க. லீவு நாள்ல ஈசிஆர் எப்படி இருக்கும்னு ஊர்ல எல்லாருக்கும் தெரியும், போக வர 110 கிலோமீட்டருக்கு மேல, திரும்பி வர்றப்போ மாட்டிக்கிட்டா கப்பல் உங்களுக்காக நிக்காது.

இன்னொண்ணு, வெளிநாட்டு பாஸ்போர்ட்னா இ-விசா போதும், சென்னை துறைமுகத்துல அத ஏத்துக்குவாங்க. இறங்கறப்போ பாஸ்போர்ட்டும் கப்பல் கார்டும் கையோட வச்சுக்கோங்க, கேட்ல சிஐஎஸ்எஃப் காரங்க பாக்காம உள்ள விடமாட்டாங்க, வழியனுப்ப வர்ற சொந்தக்காரங்க கேட்டுக்கு வெளியவே டாட்டா காட்டிக்க வேண்டியதுதான்.