காட்சி ஒரு நாள், புரிஞ்சுக்க இருபது வருஷம்

அன்புள்ள சார்,

வணக்கம். நான் ஈரோட்டுல ஒரு நூல் மில்லுல அக்கவுண்ட்ஸ் பாக்குறேன். பிறந்தது இந்துக் குடும்பம், கோயிலுக்கும் பெருசா போற ஆள் இல்ல. போன வருஷம் யூட்யூப்ல 'ஆன்மாவின் இருண்ட இரவு'ன்னு ஒரு வீடியோ பாத்தேன், அப்ப பிடிச்சது இந்த கிறிஸ்தவ மிஸ்டிக் பைத்தியம், அதாவது கடவுளை நேரடியா அனுபவிச்சதா சொல்ற துறவிகள் மேல. ஜெர்மன் துறவி எக்கார்ட், ஸ்பெயினோட அவிலா தெரசா, சிலுவை அருளப்பர், 'அறியாமையின் மேகம்'னு எல்லாத்தையும் பிடிஎஃப்பா இறக்கி வச்சிருக்கேன், ஆனா எதுலயும் 20 பக்கம் தாண்ட முடியல.

சில கேள்விகள் சார். எங்க ஆரம்பிக்கிறது? இவங்க பாத்த காட்சியெல்லாம் நிஜமா இல்ல மூளைக் கோளாறா? எக்கார்ட் சொல்றது அப்படியே அத்வைதம் மாதிரி இருக்கே, அப்ப எல்லாம் ஒண்ணுதானா? எனக்கே ரெண்டு மாசமா எதுலயும் மனசு ஒட்ட மாட்டேங்குது, தூக்கமும் சரியில்ல, இதுதான் அந்த இருண்ட இரவா? கிறிஸ்தவனா இல்லாம இதையெல்லாம் புரிஞ்சுக்க முடியுமா?

கே., ஈரோடு

*

அன்புள்ள கே.,

முதல்ல அந்த பிடிஎஃப் ஃபோல்டரை மூடி வைங்க. 'அறியாமையின் மேகம்' எழுதின ஆளோட பேரு யாருக்கும் தெரியாது, 14ஆம் நூற்றாண்டு இங்கிலாந்துக்காரரு, அவரு முன்னுரையிலயே சும்மா ஆர்வத்துல எட்டிப் பாக்குறவன் கையில இந்தப் புத்தகத்தைக் குடுத்துடாதேன்னு சத்தியம் வாங்காத குறையா கேட்டுக்குறாரு. அந்தப் புத்தகம் ஏற்கனவே துறவு வாழ்க்கைக்குள்ள இறங்கின ஒரு சீடருக்கு எழுதினது, நமக்கு 20 பக்கத்துல கை நழுவிப் போறதுல ஆச்சரியம் ஒண்ணும் இல்ல.

ஆரம்பிக்க ஒரே ஒருத்தரைச் சொல்றேன், நாரிச் ஜூலியன். பேரைப் பாத்து ஆம்பளைன்னு நினைச்சுடாதீங்க, பெண். அவங்க நிஜப் பேரு என்னன்னே தெரியாது, நாரிச் ஊர்ல செயின்ட் ஜூலியன் கோயிலை ஒட்டின ஒரு அறையில வெளிய வராம அடைபட்ட துறவியா இருந்ததால அந்தப் பேரு ஒட்டிக்கிச்சுன்னு சொல்றாங்க. 1349ல பிளேக் அந்த ஊருக்குள்ள நுழைஞ்சப்ப அவங்களுக்கு ஆறு வயசு இருக்கும், அதுக்கப்புறமும் அது திரும்பத் திரும்ப வந்துக்கிட்டே இருந்துச்சு. 'எல்லாம் நல்லபடியா ஆகும்'ங்கிற அவங்க வரியை இப்ப காபி கப்புல எல்லாம் அச்சடிச்சு விக்கிறாங்க, எனக்கு அதைப் பாத்தா எரிச்சலா வரும், ஏன்னா புத்தகத்துல அந்த வரி வந்த உடனே ஜூலியன் தலையாட்டிட்டு போகல, இவ்வளவு நாசம் நடந்திருக்கே எப்படி நல்லாகும்னு கிறிஸ்துகிட்டயே திருப்பிக் கேக்குறாங்க.

நடந்தது இதுதான். 1373 மே மாசம், அவங்களுக்கு முப்பதரை வயசு, சாகக் கிடக்குறாங்க. கடைசி அவஸ்தைப்பூசுதல் எல்லாம் குடுத்தாச்சு, உடம்பு இடுப்புக்குக் கீழ மரத்துப் போச்சு. பங்குசாமியார் வந்து ஒரு பாடுபட்ட சுரூபத்தை, அதாவது இயேசு தொங்குற சிலுவையை, மூஞ்சிக்கு நேரா பிடிச்சு இதைப் பாத்து ஆறுதல் அடைங்கிறாரு. அறையே இருட்டிப் போகுது, சிலுவை மேல மட்டும் வெளிச்சம். முள்முடிக்கு அடியில ரத்தம் கசிய ஆரம்பிக்குது. அதை அவங்க வர்ணிக்கிற விதத்தைப் பாருங்க, பெரிய மழை விட்டதும் கூரை விளிம்புலேந்து சொட்டுச் சொட்டா விழுமே அந்த மாதிரி, நெத்தியில பரவுறப்ப ஹெர்ரிங் மீனோட செதில் மாதிரி வட்டமா இருந்துச்சுங்கிறாங்க. கடல் பக்கத்து ஊர்க்காரங்க, கண்ணு முன்னாடி தினம் பாத்த மீனுதான் வாயில வருது. உள்ளங்கையில ஒரு சின்னக் கொட்டை அளவுக்கு எதையோ வச்சு, படைச்சது எல்லாமே இதான்னு காட்டுறதும் அன்னிக்குத்தான்.

இப்ப உங்க ரெண்டாவது கேள்விக்கு வர்றேன், நிஜமா மூளைக் கோளாறான்னு. அதை உங்களுக்கு முன்னாடி அவங்களே கேட்டாச்சு. பதினஞ்சு காட்சி முடிஞ்சு வலி திரும்பி வந்ததும் ஒரு துறவி வந்து எப்படி இருக்கீங்கன்னு விசாரிக்கிறாரு, இன்னிக்கு நான் ஏதோ பிதற்றிட்டேன்னு சொல்றாங்க. அவரு சத்தமா சிரிக்கிறாரு. என் முகத்துக்கு நேரா இருந்த சிலுவையில ரத்தம் வழிஞ்ச மாதிரி இருந்துச்சுன்னு சொன்னதும் அவரு முகம் சட்டுனு மாறிடுது, சிரிப்பு போச்சு. அதைப் பாத்ததும் இவங்களுக்கு அவமானமா போகுது, வேற ஒரு ஆளு இதை இவ்வளவு மதிக்கிறாரு, பாத்த நானே பிதற்றல்னு சொல்லிட்டேனேன்னு. மறைச்சிருக்கலாம் இதை, ஆனா எழுதி வச்சிருக்காங்க. நான் ஜூலியனை நம்புறதுக்கு இந்த ஒரு இடம் போதும். நரம்பியல் டாக்டர் இதுக்கு என்ன பேரு வைப்பாருங்கிறதுல எனக்கு பெருசா ஆர்வம் இல்ல, ஆயிரம் பேருக்கு காய்ச்சல்ல என்னென்னவோ தெரியுது, அதை வச்சுக்கிட்டு அப்புறம் என்ன பண்ணினாங்கங்கிறதுதான் விஷயமே.

ஜூலியன் என்ன பண்ணினாங்க? ரெண்டு தடவை எழுதினாங்க. ஒண்ணு சின்னது, 25 அத்தியாயம். அப்புறம் பல வருஷம் கழிச்சு பெருசு, 86 அத்தியாயம். ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாத்தா சின்னதுல சுத்தமா இல்லாத ஒரு காட்சி பெருசுல 51ஆவது அத்தியாயமா நீளமா வரும். ஏன் முதல்ல விட்டாங்கன்னா, புரியல, அதான். புரிய 20 வருஷத்துக்கு மூணு மாசம் குறைவா ஆச்சுன்னு அவங்களே கணக்கு சொல்றாங்க.

அது என்னன்னா, ஒரு பிரபு உக்காந்திருக்காரு, முன்னாடி வேலைக்காரன் நிக்கிறான். அன்பா பாத்து ஒரு வேலையா அனுப்புறாரு. இவன் எஜமான் மேல உள்ள பிரியத்துல தலைதெறிக்க ஓடி ஒரு பள்ளத்துல விழுந்து அடிபட்டு முனகிக்கிட்டு கிடக்கான். எந்திரிக்க முடியல, அதை விடப் பெரிய வலி என்னன்னா தலையைத் திருப்பி எஜமானைப் பாக்க முடியல, எஜமான் அவனுக்கு ரொம்பக் கிட்டத்துலதான் இருக்காரு. ஜூலியன் உத்து உத்துப் பாக்குறாங்க, இவன் மேல ஏதாவது குத்தம் இருக்கா, பிரபு இவனைத் திட்டுவாரான்னு. ஒண்ணும் தெரியல.

இதுல என்ன சிக்கல்னா, திருச்சபை சொல்லிக் குடுத்தது பாவத்துக்கு கடவுளோட கோபம் உண்டுன்னு. ஜூலியன் பாத்ததுல கடவுள்கிட்ட கோபமே இல்ல. ரெண்டுல எதையும் விட அவங்களுக்கு மனசில்ல. நம்மாளா இருந்தா மடம் பொய், நான் பாத்ததுதான் மெய்னு தனியா ஒரு ஆசிரமம் போட்டிருப்போம், இல்ல பாத்ததை மறந்துட்டு பூசைக்குப் போயிருப்போம். அவங்க ரெண்டையும் கையில வச்சுக்கிட்டே இருபது வருஷம் உக்காந்திருந்தாங்க. அப்புறம் உள்ளுக்குள்ள ஒரு பதில் வருது, அந்தக் காட்சியில ஒவ்வொரு சின்ன விவரத்தையும் திரும்பப் பாருன்னு. பாக்குறாங்க. பிரபு வெறும் தரையில, பாழ்நிலத்துல உக்காந்திருக்காரு, நீல நிற உடை, அகலமா விரிஞ்சு கிடக்கு. வேலைக்காரன் போட்டிருக்கிறது ஒத்தை வெள்ளை அங்கி, பழசு, வேர்வைக்கறை, இறுக்கமா, முட்டிக்குக் கீழ ஒரு கையளவுதான், இப்ப கிழியுமோ அப்ப கிழியுமோன்னு இருக்கு. பிரபுவோட வேலைக்காரனுக்கு இப்படியா உடுப்புன்னு அவங்களுக்கே தோணுது. அங்கேந்து பிடிச்சுப் போய்தான், அந்த வேலைக்காரன் ஆதாமும்தான் கிறிஸ்துவும்தான், ஆதாம் பள்ளத்துல விழுந்ததும் மகன் மரியாளோட வயித்துக்குள்ள இறங்கினதும் ஒரே விழுகைதான், அதனாலதான் அந்தப் பார்வையில குத்தமே தெரியலன்னு வர்றாங்க. இந்த அத்தியாயத்தை ஒரு மாசம் வச்சுப் படிங்க. பென்குவின் கிளாசிக்ஸ் பதிப்புல சின்னது பெருசு ரெண்டும் சேந்தே இருக்கு, சின்னதைத்தான் முதல்ல படிக்கணும்.

காட்சிக்கு பின்னாடி போறதைப் பத்தி இன்னும் ஒண்ணு. இந்தப் பாரம்பரியத்துல காட்சியை ரொம்ப சந்தேகமா பாத்தவங்க மிஸ்டிக்குகளேதான். சிலுவை அருளப்பர், இப்ப புதுசா காட்சி வேணும் வாக்கு வேணும்னு கேக்குறவன் கடவுளை அவமதிக்கிறான், சொல்ல வேண்டியதை எல்லாம் கடவுள் கிறிஸ்துல சொல்லியாச்சுன்னு கறாரா எழுதுறாரு. எக்கார்ட் இன்னும் ஒரு படி மேல, அப்போஸ்தலர் பவுல் மாதிரி பரவசத்துலயே நீ இருந்தாலும் பக்கத்துல ஒரு நோயாளிக்கு சூப் வேணும்னா பரவசத்தை விட்டுட்டு போய் சூப் குடுங்கிறாரு. ஜூலியனைப் பாக்க 1413 வாக்குல மார்ஜரி கெம்ப்னு ஒரு அம்மா வந்தாங்க, 14 பிள்ளை பெத்தவங்க, கோயில்ல சத்தம் போட்டு அழுது ஊரையே கடுப்பேத்துற ஆளு, தனக்கு வர்றது கடவுள்கிட்டேந்துதானா இல்ல ஏமாற்றான்னு பயம். ஜூலியன் சொன்னதா அவங்க பதிஞ்சு வச்சிருக்கிறது, அது கடவுளோட மகிமைக்கும் மத்தவங்களோட நன்மைக்கும் ஆகுதான்னு பாரு, தூய ஆவி அன்புக்கு விரோதமா எதையும் தூண்டாதுன்னு.

இருண்ட இரவு. இதை கொஞ்சம் அழுத்தமா சொல்லணும் கே. சிலுவை அருளப்பரை அவரோட கார்மேல் துறவற சபைக்காரங்களே 1577 டிசம்பர்ல பிடிச்சுட்டுப் போய் டொலீடோ மடத்துல ஒரு அலமாரி மாதிரி அறையில ஒன்பது மாசம் அடைச்சாங்க, சபையைச் சீர்திருத்த தெரசாவோட சேந்ததுக்கு. சாட்டையடி, பாதிச் சாப்பாடு. அங்கதான் அவரோட பெரிய கவிதைகள்ல ஒண்ணு உருவாச்சு, 1578 ஆகஸ்ட்ல போர்வையைக் கிழிச்சு முடிச்சுப் போட்டு ஜன்னல் வழியா இறங்கி தப்பிச்சாரு. 'இருண்ட இரவு' கவிதை தப்பிச்சதுக்கு அப்புறம் வந்துச்சு, அது சோகப்பாட்டு இல்ல, ராத்திரி யாருக்கும் தெரியாம காதலனைத் தேடிப் போற பொண்ணோட சந்தோஷப் பாட்டு. அதுக்கு எழுதின உரையில அந்த இரவை அடையாளம் காண மூணு குறி சொல்றாரு. கடவுள் காரியத்துலயும் ருசி இல்ல, உலகத்துலயும் ருசி இல்ல. ருசி இல்லைன்னாலும் நான் கடவுளுக்கு ஊழியம் பண்ணாம பின்வாங்குறேனேன்னு மனசு கிடந்து தவிக்கும். முன்ன மாதிரி கற்பனை பண்ணி தியானம் பண்ண வராது. மூணும் சேந்து இருக்கணும். அந்த இடத்துலயே மனச்சோர்வு நோயை தனியா பிரிச்சு, அது வேறன்னு 16ஆம் நூற்றாண்டுலயே சொல்லிட்டாரு, ரெண்டும் ஒருத்தருக்கு ஒரே நேரத்துல இருக்கலாம்னும் சேத்துச் சொல்றாரு.

உங்களுக்கு ஜெபமே பழக்கம் இல்ல, காஞ்சு போக அங்க முதல்ல ஏதாவது இருக்கணுமே. ரெண்டு மாசமா தூக்கம் இல்ல, எதுலயும் ஒட்டலன்னா ஒரு மனநல டாக்டரைப் பாருங்க, இந்த வாரமே. யூட்யூப்காரன் உங்க சோர்வுக்கு ஒரு புனிதப் பேரு குடுத்துட்டான்னு அதைத் தூக்கிட்டு திரியாதீங்க.

அத்வைதம்: அவசரப்படாதீங்க. எக்கார்ட்டோட 28 வாக்கியத்தை எடுத்து 1329ல போப் 22ஆம் ஜான் கண்டிச்சாரு, அதுக்குள்ள எக்கார்ட் போய்ச் சேந்துட்டாரு. அந்த வாக்கியங்களை மட்டும் தனியா வச்சா நம்ம ஊரு ஆளு மாதிரியேதான் தெரிவாரு, முழுப் பிரசங்கத்துல வச்சா கடவுளோட மகன் மனுஷனோட ஆன்மாவுல பிறக்கிறதுங்கிறதை விட்டு அவரு நகரவே மாட்டாரு. இந்தக் கேள்வியை வாழ்க்கையாவே வாழ்ந்து பாத்தவர் பிரான்சுக்காரரு ஹென்றி லெ சோ, அபிஷிக்தானந்தான்னு பேரு மாத்திக்கிட்டாரு. ரமணரைப் பாத்தவரு, திருவண்ணாமலை குகையில கிடந்தவரு. மொன்ஷனின்ங்கிற பிரெஞ்சு பாதிரியாரோட சேந்து 1950ல காவிரிக் கரையில தண்ணீர்ப்பள்ளியில சாந்திவனம் ஆசிரமத்தைத் தொடங்கினாரு. உங்க ஊர்லேந்து கரூர் தாண்டினா குளித்தலை, அதுக்குப் பக்கம்தான், போய்ப் பாத்துட்டு வாங்க. பிதா, மகன், தூய ஆவின்னு மூணா இருக்கிற ஒரே கடவுள்ங்கிற திரித்துவமும் அத்வைதமும் அவருக்குள்ள ரொம்ப காலம் இழுபறியா இருந்துச்சு. நீங்க பிடிஎஃப்லேயே முடிச்சிடப் பாக்குறீங்க.

கிறிஸ்தவனா ஆகணும்னு ஒண்ணும் இல்ல, ஆனா அவங்க வீட்டுக்குள்ள என்ன ஓடிச்சுன்னு தெரிஞ்சிருக்கணும். இவங்க யாரும் தனியா மிஸ்டிசிசம்னு ஒண்ணு பண்ணல. தினம் சங்கீதம் பாடினாங்க, பூசை பாத்தாங்க, ஜூலியன் மாதிரி அடைபட்டவங்களோட அறையில ஒரு ஜன்னல் பீடத்தைப் பாத்துத்தான் இருக்கும். பெர்னார்டுன்னு 12ஆம் நூற்றாண்டு மடாதிபதி, பைபிள்ல இருக்கிற காதல் கவிதையான உன்னதப்பாட்டுக்கு 18 வருஷமா 86 பிரசங்கம் பண்ணி, செத்துப் போறப்ப மூணாம் அதிகாரத்து ஆரம்பத்துலதான் நின்னாரு. அதனால யோவான் சுவிசேஷம், சங்கீதம், உன்னதப்பாட்டு, இந்த மூணும் மேஜை மேல இருக்கட்டும். பயிற்சியா ஏதாவது வேணும்னா, எகிப்து பாலைவனத் துறவிகள்கிட்ட கத்துக்கிட்டதுன்னு காசியன்ங்கிற பழைய காலத்துத் துறவி சொல்றது ஒரே ஒரு வரி, 70ஆம் சங்கீதத்தோட முதல் வசனம், 'தேவனே, என்னை விடுவியும்'னு ஆரம்பிக்கும். சாப்பிடுறப்ப, வேலை பாக்குறப்ப, தூங்கப் போறப்ப அதையே சொல்லிக்கிட்டு இருன்னாரு. லெட்ஜர் பாக்குறப்பவும் முடியும். ஜெபிக்க மனசு வரலன்னா வாசிக்க மட்டும் செய்ங்க, நடிக்க வேணாம்.

ஜூலியன் முடிச்சதும் அருளப்பரோட 'இருண்ட இரவு' கவிதையை எடுங்க, எட்டே பத்திதான். உரைக்கு இப்ப போகாதீங்க, அவரே மூணாவது பத்தியைத் தொட்ட உடனே பாதியில விட்டுட்டாரு.