மெஸ் பில்லில் ரிடக்‌ஷன் கிடையாது!

(அமெரிக்காவில் ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தின் விடுதி, உணவு அலுவலகத்தில் வேலை பார்க்கிறார் பாளையங்கோட்டையைச் சேர்ந்த நம் வாசகி. ஆகஸ்டில் விமானம் ஏறப்போகும் பிள்ளைகளும் பெற்றோரும் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் அவர் பதில் சொல்கிறார்.)

மகனுக்கு அமெரிக்காவில் இளநிலைப் படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. முதல் வருடம் விடுதியும் மீல் பிளானும் கட்டாயமாம். வாரத்துக்கு 19 வேளை, 14 வேளை, 10 வேளை என்று மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறார்கள். நான் இன்ஜினீயரிங் படித்தபோது டிவைடிங் சிஸ்டம். மாதச் செலவைத் தலைக்கு இவ்வளவு என்று வகுத்துப் போடுவார்கள், ஊருக்குப் போன நாளுக்கு ரிடக்‌ஷன் உண்டு. அங்கேயும் அப்படித்தானா? பிள்ளை பட்டினி கிடக்கக் கூடாது என்று 19-ஐ எடுக்கலாம் என்றிருக்கிறேன்.
– ஓர் அப்பா, கும்பகோணம்

19 வேண்டாம் சார். ஆகஸ்ட் கடைசியில் என் மேசைக்கு வரும் அப்பாக்களில் பாதிப் பேர் உங்களைப் போலத்தான் 19 கேட்பார்கள். அக்டோபரில் பிள்ளைகள் மட்டும் வந்து, “ஆன்ட்டி, குறைக்க முடியுமா?” என்று நிற்பார்கள். அப்போது முடியாது.

டிவைடிங் சிஸ்டத்தை முதலில் மறந்துவிடுங்கள். இங்கே செமஸ்டருக்கு உரிய மொத்தத் தொகையும் ஃபீஸோடு சேர்ந்து பில்லில் வந்துவிடும். சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் காசு காசுதான். டைனிங் ஹால் வாசலில் அடையாள அட்டையைக் காட்டியதும் ஒரு ஸ்வைப், அதாவது ஒரு வேளைக் கணக்கு, கழியும். உள்ளே போனபிறகு எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம். அவசரத்தில் ஒரு வாழைப்பழத்தோடு எழுந்து ஓடினாலும் கழிந்தது ஒரு ஸ்வைப்தான். வாரக் கணக்குப் பிளானில் மீந்த ஸ்வைப் அடுத்த வாரத்துக்கு வராது.

மூன்று வேளை, ஏழு நாள் என்றால் 21 வரவேண்டுமே, ஏன் 19? சனி, ஞாயிறுகளில் பல இடங்களில் காலைச் சாப்பாடும் மதியச் சாப்பாடும் சேர்ந்து பிரஞ்ச் என்று ஒரே வேளையாகிவிடும். ஐந்து நாள் மும்மூன்று, இரண்டு நாள் இவ்விரண்டு, ஆக 19. அதாவது சமையலறை திறந்திருக்கும் ஒரு வேளையைக்கூட விடாமல் போய் உட்கார்ந்தால்தான் 19 தீரும். பதினெட்டு வயதுப் பையன் காலை எட்டு மணி வகுப்புக்கு முன்னால் எழுந்து, குளித்து, பனியில் நடந்து போய் டிபன் சாப்பிடுவானா? வீட்டில் நீங்கள் எழுப்பியே எழுந்திருக்க மாட்டானே.

ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். 19 வேளைப் பிளான் செமஸ்டருக்கு 3,000 டாலர் என்று வைத்துக்கொள்வோம். 15 வாரத்துக்கு 285 வேளை, வேளைக்கு 10.50 டாலர் சுமார். மலிவாகத் தெரியும். ஆனால் பையன் வாரத்துக்கு 12 வேளைதான் போகிறான் என்றால் சாப்பிட்டது 180 வேளை. ஒரு வேளை 16.67 டாலர் ஆகிவிடுகிறது. அந்தக் காசுக்கு வெளியே ஓட்டலிலேயே சாப்பிடலாம்.

14 எடுங்கள். மதியமும் இரவும் வாரநாளில் பத்து. சனி, ஞாயிறு பிரஞ்ச் இரண்டு. மிச்சம் இரண்டை அவன் எப்படியோ தீர்த்துக்கொள்வான். காலைக்கு அறையில் சீரியலும் பாலும் போதும். கூடவே டைனிங் டாலர் என்று ஒன்று பிளானோடு வரும். வளாகத்துக் காபிக் கடை, சாண்ட்விச் கடை, சின்ன மளிகைக் கடையில் செல்லும் பணம் அது. இரவுச் சாப்பாடு பல டைனிங் ஹால்களில் ஐந்து மணிக்குத் தொடங்கி எட்டு மணிவாக்கில் முடிந்துவிடும். ஒன்பது மணிக்குத் தோசை சாப்பிட்டுப் பழகிய நம் பிள்ளைகள் எட்டரைக்குப் போய்ப் பூட்டிய கதவைப் பார்த்துவிட்டு வருவார்கள். அந்த இரவுகளுக்கு டைனிங் டாலர்தான் கைகொடுக்கும். அதிலும் மீதம் வைக்கக் கூடாது. பல இடங்களில் இலையுதிர் செமஸ்டரின் மீதி வசந்த செமஸ்டருக்கு வரும், மே மாதத்தோடு செத்துப்போகும். மே முதல் வாரத்தில் எங்கள் வளாகக் கடையில் பிள்ளைகள் தண்ணீர் பாட்டிலையும் சிப்ஸையும் பெட்டி பெட்டியாகத் தூக்கிக்கொண்டு போவதைப் பார்க்கவேண்டும். அவ்வளவும் அப்பாக்கள் கட்டிய காசு.

விடுதிக்கு எழுதி இரண்டு விஷயம் கேட்டுக்கொள்ளுங்கள். பிளானை எந்தத் தேதிவரை குறைக்கலாம்? (பெரும்பாலும் வகுப்பு தொடங்கி முதல் இரண்டு வாரம்தான். ஏற்றுவதற்கு அவ்வளவு கெடுபிடி இருக்காது, இறக்குவதற்குத்தான்.) ஒப்பந்தம் ஒரு செமஸ்டருக்கா, வருடம் முழுவதற்குமா? டிசம்பரில் அறையைக் காலி செய்து நண்பர்களோடு வீடு எடுக்கலாம் என்று அவன் நினைத்தால், வருட ஒப்பந்தத்தை முறிக்க அபராதம் உண்டு.

நாங்கள் சுத்த சைவம், முட்டையும் கிடையாது. மகள் தங்கப்போகும் விடுதியில் “வெஜிடேரியன் உணவு எல்லா வேளையும் உண்டு” என்கிறார்கள். நம்பலாமா?
– ஓர் அம்மா, ஸ்ரீரங்கம்

உண்டு என்பது உண்மைதான். ஆனால் எதை வெஜிடேரியன் என்கிறார்கள் என்பதைப் பார்க்கவேண்டும். ஒவ்வொரு பதார்த்தத்துக்கு முன்னாலும் ஒரு சின்ன அட்டை இருக்கும். அதில் வெஜிடேரியன் அடையாளம் இருந்தால் முட்டையும் பாலும் இருக்கலாம். வீகன் அடையாளம் இருந்தால் இரண்டும் இருக்காது. உங்கள் மகள் வீகன் அட்டையைப் பார்த்து எடுத்துவிட்டு, பாலும் தயிரும் தனியாகச் சேர்த்துக்கொண்டால் பிரச்சினையே இல்லை.

அட்டை இல்லாத இடத்தில்தான் ஏமாறுவார்கள். காய்கறி சூப் என்று எழுதியிருக்கும், கோழி எலும்பை வேகவைத்த தண்ணீரில் செய்திருப்பார்கள். மஞ்சளாகப் புலாவ் மாதிரி இருக்கும் சோற்றுக்கும் அதே தண்ணீர்தான் பல இடங்களில். மெக்ஸிகன் வரிசையில் மசித்த பீன்ஸில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பதுண்டு. சீஸர் சாலட்டின் குழம்பில் நெத்திலி மாதிரி ஒரு மீன். மார்ஷ்மெல்லோவிலும் சில பழத் தயிர்களிலும் விலங்குத் தோல், எலும்பிலிருந்து எடுக்கும் ஜெலட்டின். பார்மசான் சீஸில் கன்றுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுக்கும் ரென்னட். வெளியே சாப்பிடும்போதும் கவனம்: மெக்டொனால்டின் உருளைக்கிழங்கு வறுவலில் மாட்டிறைச்சிச் சுவையூட்டி இருப்பது தெரிந்து இங்குள்ள இந்துக்களும் சைவ உணவுக்காரர்களும் 2001-ல் வழக்குப் போட்டார்கள். அடுத்த வருடம் அந்த நிறுவனம் மன்னிப்புக் கேட்டு ஒரு கோடி டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டது. அமெரிக்காவில் இன்றைக்கும் அந்த வறுவலில் அது இருக்கிறது.

கேட்பதற்கு அவள் கூச்சப்படக் கூடாது. காலையில் பேக்கன் என்ற பன்றி இறைச்சியை வாட்டிய அதே கல்லில்தான் மதியம் சீஸ் சாண்ட்விச்சும் சூடாகும். “தனி வாணலியில் செய்து கொடுங்கள், கையுறையை மாற்றிக்கொள்ளுங்கள்” என்று சொன்னால் முகம் சுளிக்காமல் செய்வார்கள். தினமும் பத்துப் பேர் கேட்பதுதான்.

சரி, சாப்பிட என்னதான் இருக்கும்? ஆசியச் சாப்பாட்டு வரிசையில் வெறும் வெள்ளைச் சோறு இருக்கும். கிரனோலா (வறுத்த ஓட்ஸ் கலவை) வைத்திருக்கும் இடத்தில் இனிப்பில்லாத கெட்டித் தயிர் இருக்கும். சாலட் வரிசையில் துருவிய கேரட், வெள்ளரிக்காய். மூன்றையும் சேர்த்துப் பிசைந்து உப்புப் போட்டால் தயிர்சாதம். கடுகு தாளிக்க வழியில்லை, அவ்வளவுதான். பிளான் எடுக்கிற விஷயத்தில் இந்தப் பெண்ணுக்கு 14-கூட அதிகம், 10 போதும் என்பேன். டெக்ஸாஸில் இருக்கும் வடக்கு டெக்ஸாஸ் பல்கலைக்கழகம் 2011-ல் முழுக்க வீகனாகவே ஒரு டைனிங் ஹாலைத் திறந்தது. அங்கே இடம் கிடைத்திருந்தால் 19-கூட எடுக்கச் சொல்லியிருப்பேன்!

அறையில் சின்ன ரைஸ் குக்கர் வைத்துக்கொள்ளலாமா?
– மாணவர், ஈரோடு

வைக்காதே தம்பி. பெரும்பாலான விடுதி அறைகளில் ரைஸ் குக்கர், இண்டக்‌ஷன் அடுப்பு, இன்ஸ்டன்ட் பாட் எதற்கும் அனுமதி இல்லை. சோதனைக்கு வருவார்கள், எடுத்துப்போய் பூட்டிவைப்பார்கள். இதெல்லாம் பரவாயில்லை. நீ மிளகாய் வற்றலைக் கிள்ளிப் போட்டுத் தாளித்தால் புகை உணரும் கருவி அலறும். அடுத்த ஐந்து நிமிடத்தில் கட்டடத்திலிருக்கும் அத்தனை பேரும், ஈரத்தலையோடு குளியலறையிலிருந்து வந்தவர்கள் உட்பட, பனியில் வாசலில் நிற்பார்கள். யாரால் என்பதும் வாசனையிலேயே தெரிந்துவிடும்.

மைக்ரோவேவும் சின்ன ஃபிரிட்ஜும் சேர்ந்த பெட்டியை வாடகைக்குக் கொடுப்பார்கள். ஒரு கப் அரிசிக்கு இரண்டு கப் தண்ணீர், உயரமான கண்ணாடிப் பாத்திரம், மூடியைக் கொஞ்சம் திறந்துவைத்துப் பதினைந்து நிமிடத்துக்கு மேல். பாத்திரம் சின்னதாக இருந்தால் பொங்கி வழியும். நிதானமாகச் சமைக்கவேண்டும் என்றால் பல விடுதிகளில் மாடிக்கு ஒன்றோ, கீழ்த்தளத்திலோ பொதுச் சமையலறை உண்டு.

அரிசியை இங்கேயே வாங்கிக்கொள். இந்தியாவிலிருந்து பயணப்பையில் அரிசி கொண்டுவர அனுமதி இல்லை, கப்ரா வண்டு பயம். பச்சைக் கறிவேப்பிலையும் கூடாது. கொண்டுவரும் மற்ற தின்பண்டங்களை விமானநிலையச் சுங்கச் சோதனையில் மறைக்காமல் சொல்லிவிடு.

எம்.எஸ். படிக்கப் போகிறேன். நானும் மீல் பிளான் எடுக்கவேண்டுமா?
– மாணவி, மதுரை

பெரும்பாலும் கட்டாயமில்லை. நான்கு பேர் சேர்ந்து வீடு எடுத்துச் சமைத்துக்கொள்வீர்கள். ஆய்வகத்திலேயே பொழுது போகும் என்றால், செமஸ்டருக்கு 25, 50 வேளை என்று மொத்தமாக விற்கும் பிளாக் பிளான் இருக்கிறதா என்று பார். அப்புறம் இன்னொன்று: எஃப்-1 என்ற மாணவர் விசாவில் வகுப்பு நடக்கும் காலத்தில் வளாகத்துக்குள் வாரத்துக்கு 20 மணி நேரம்வரை வேலை பார்க்கலாம். டைனிங் ஹாலில் எப்போதும் ஆள் தேவைப்படும். பல இடங்களில் வேலை நேரத்தில் ஒரு வேளைச் சாப்பாடும் இலவசம்.

மகனுக்கு வேர்க்கடலை ஒவ்வாமை, கடுமையானது. கட்டாயப் பிளானிலிருந்து விலக்குக் கேட்டால் கொடுப்பார்களா?
– ஓர் அம்மா, சேலம்

கேட்கும் உரிமை இருக்கிறது. மாசசூசெட்ஸில் உள்ள லெஸ்லி பல்கலைக்கழகத்தில் கோதுமை உணவு ஒத்துக்கொள்ளாத சீலியாக் நோயுள்ள மாணவர்கள், தங்களால் சாப்பிட முடியாத பிளானுக்குக் காசு கட்டச் சொல்கிறார்கள் என்று புகார் செய்தார்கள். 2012 டிசம்பரில் அமெரிக்க நீதித்துறையோடு அந்தப் பல்கலைக்கழகம் உடன்பாட்டுக்கு வந்தது. ஒவ்வாமை இல்லாத உணவை முன்கூட்டியே சொல்லிவைத்து வாங்க ஏற்பாடு, தேவைப்பட்டால் பிளானிலிருந்து விலக்கு, பாதிக்கப்பட்டவர்களுக்கு 50,000 டாலர். கடுமையான உணவு ஒவ்வாமையை ஊனமுற்றோர் உரிமைச் சட்டத்தின்கீழ் கொண்டுவரலாம் என்பதை எல்லாப் பல்கலைக்கழகங்களும் அப்போது கவனித்துக்கொண்டன.

ஆனால் விலக்குதான் முதல் வழி என்று நினைக்காதீர்கள். மாற்றுத்திறனாளி மாணவர் அலுவலகத்துக்கு டாக்டர் கடிதத்தோடு இப்போதே எழுதுங்கள், அறை ஒதுக்கும் முன்பே. உணவியல் நிபுணரோடு பேச நேரம் வாங்கித் தருவார்கள். சில இடங்களில் கடலை, கோதுமை, பால், எள் எதுவும் நுழையாத தனிச் சமையல் வரிசையே இருக்கிறது. (எள்ளும் 2023 ஜனவரியிலிருந்து இங்கே கட்டாயம் அறிவிக்கவேண்டிய ஒவ்வாமைப் பட்டியலில் ஒன்பதாவதாகச் சேர்ந்துவிட்டது.) அறைத்தோழனுக்கும் முன்கூட்டியே எழுதிவிடச் சொல்லுங்கள். அமெரிக்கப் பையன்கள் கடலை வெண்ணெயை ஸ்பூனால் அள்ளித் தின்பவர்கள்.

மகளுக்கு ஸ்வைப் மிஞ்சுகிறதாம். பிளான் இல்லாத தோழிக்கு அட்டையைக் கொடுக்கலாமா?
– ஓர் அப்பா, காரைக்குடி

அட்டையைக் கொடுக்கக் கூடாது, பிடிபட்டால் ஒழுங்கு நடவடிக்கை வரும். அவளே கூட்டிக்கொண்டு போய் விருந்தினர் ஸ்வைப்பில் சாப்பிட வைக்கலாம், பிளானில் சில கொடுத்திருப்பார்கள். லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள யு.சி.எல்.ஏ. மாணவர்கள் மிஞ்சும் ஸ்வைப்பைப் பசியோடிருப்பவர்களுக்குத் திருப்பிவிட 2010-ல் தொடங்கிய ஸ்வைப் அவுட் ஹங்கர் என்ற அமைப்பு இப்போது பல வளாகங்களில் இருக்கிறது. மகளின் வளாகத்தில் உண்டா என்று விசாரிக்கச் சொல்லுங்கள்.

வீடியோவில் பார்த்தால் பிள்ளை மெலிந்திருக்கிறான். கேட்டால் “சாப்பிட்டேன்மா” என்கிறான். அலுவலகத்துக்கு போன் செய்தால் இன்று சாப்பிட்டானா என்று சொல்வீர்களா?
– ஓர் அம்மா, நாகர்கோவில்

எங்கள் கணினியில் தெரியும் அக்கா. எந்த ஹாலில், எத்தனை மணிக்கு அட்டையைக் காட்டினான் என்பதுவரை இருக்கும். ஆனால் சொல்ல மாட்டோம். 1974-ல் வந்த ஃபெர்பா சட்டப்படி கல்லூரியில் சேர்ந்துவிட்ட பிள்ளையின் பதிவேடுகள் அவன் பொறுப்பு. பணம் கட்டியது நீங்கள் என்றாலும் அவன் எழுத்தில் ஒப்புதல் கொடுக்காமல் வாயைத் திறக்க முடியாது. சாப்பாட்டுக் கணக்கையும் நாங்கள் அதில்தான் சேர்க்கிறோம். போனில் அழும் அம்மாக்களிடம் தமிழிலேயே இதைச் சொல்லியிருக்கிறேன். சில பேர் என்னைத் திட்டியிருக்கிறார்கள்.

பல பல்கலைக்கழகங்களில் மீதி ஸ்வைப்பைக் காட்ட செயலி இருக்கிறது. சனிக்கிழமை ராத்திரி, வாரக் கணக்கு முடிவதற்கு முன்னால், அதை ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். 14-ல் இரண்டோ மூன்றோ மீதி இருந்தால் நன்றாகத்தான் சாப்பிடுகிறான். ஒன்பது, பத்து மீதி இருந்தால் திட்டாதீர்கள். எட்டு மணிக்குள் ஹாலுக்குப் போக முடிகிறதா, கூடச் சாப்பிட ஆள் இருக்கிறார்களா என்று மட்டும் கேளுங்கள். முதல் செமஸ்டரில் பல பிள்ளைகள் சாப்பாடு பிடிக்காமல் இல்லை, தனியாகத் தட்டைத் தூக்கிக்கொண்டு எந்த மேசையில் உட்காருவது என்று தெரியாமல்தான் அறைக்குத் திரும்பிவிடுகிறார்கள். அவன் மாடியில் ஆர்.ஏ. என்று மூத்த மாணவர் ஒருவர் இருப்பார். அவரிடம் போய்ச் சொன்னால், அன்றைக்கே கூட்டிக்கொண்டு போவார்.