சளியில் கிருமி இல்லை; அப்புறம் ஏன் இந்தக் காய்ச்சல்?

கேள்வி: வயது 41, ஊர் பல்லாவரம். எச்ஐவிக்கு ஏ.ஆர்.டி. மாத்திரை எடுக்கிறேன், நடுவில் ஐந்து மாதம் விட்டுவிட்டேன். மூன்று வாரமாகச் சாயங்காலக் காய்ச்சல், 5 கிலோ எடை குறைவு. மெடிக்கல் ஷாப்பில் லெவோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக் வாங்கிப் போட்டதும் காய்ச்சல் இறங்கியது, திரும்பவும் வந்துவிட்டது. சளிப் பரிசோதனை இரண்டு முறை நெகட்டிவ், எக்ஸ்ரே கிளியர். முடி கொட்டுகிறது, நகம் கறுக்கிறது. கழுத்தில் சின்ன நெறிக்கட்டி. இது கடைசிக் கட்டம் என்று நெட்டில் போட்டிருக்கிறது. டிபிக்கு ரத்தத்தில் ஐஜிஜி என்ற எதிர்ப்பொருள் பார்க்கலாமா? (கடிதம் சுருக்கப்பட்டுள்ளது)

பதில்: இதை வைத்துக் கடைசிக் கட்டம் என்று எந்த டாக்டரும் சொல்லமாட்டார். நெட்டை மூடிவையுங்கள். முடிக்கும் நகத்துக்கும் ஒரு பக்கம் எழுதிய நீங்கள் கழுத்துக் கட்டிக்கு அரை வரிதான் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அந்த அரை வரிதான் முக்கியம். எடை குறைவு, சாயங்காலக் காய்ச்சல், கூடவே நெறிக்கட்டி என்றால், இல்லை என்று நிரூபணமாகும்வரை டிபி என்றே நினைத்துத் தேட வேண்டும்.

எச்ஐவி உள்ளவருக்குச் சளி நெகட்டிவ் என்பது பாதிச் செய்தி. மைக்ராஸ்கோப்பில் தெரிய, ஒரு மில்லி சளியில் சுமார் 5,000 முதல் 10,000 கிருமி வேண்டும். பெரும்பாலும் நுரையீரலில் குழி விழுந்தால்தான் அவ்வளவு வரும். எதிர்ப்புச் சக்தி கிருமியோடு மல்லுக்கட்டுவதால்தான் அந்தக் குழியே விழுகிறது. சக்தி குறைந்த உடம்பில் அந்தச் சண்டை சரியாக நடக்காது. எக்ஸ்ரே சுத்தமாக இருக்கலாம், கிருமி நெறிக்கட்டியில் உட்கார்ந்திருக்கலாம்.

நீங்கள் கேட்க வேண்டியது சிபிநாட். கிருமியின் மரபணுவையே தேடும் பரிசோதனை இது. மெஷினில் போட்டால் இரண்டு மணி நேரத்தில் முடிவு. முக்கிய டிபி மருந்தான ரிஃபாம்பிசினுக்குக் கிருமி கட்டுப்படுமா என்பதும் தெரிந்துவிடும். வாய் கொப்பளித்துவிட்டு நெஞ்சிலிருந்து இருமி எடுத்த சளி கொடுங்கள், எச்சில் வேண்டாம். கட்டியிலிருந்தும் ஊசி போட்டு உறிஞ்சி எடுப்பார்கள். அதில் ஒரு பங்கை ஃபார்மலினில் போடாமல், சலைனில் வைத்து சிபிநாட்டுக்கும், கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சருக்கும் அனுப்பச் சொல்லுங்கள். ஃபார்மலினில் விழுந்த கிருமி செத்துவிடும், கல்ச்சரில் வளராது. கோட்டை விடுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். எதிர்ப்புச் சக்தியைக் காட்டும் சிடி4 அணுக்கள் மிகவும் குறைந்திருந்தால், டிபி கிருமியின் தடயத்தைச் சிறுநீரில் பார்க்கும் லாம் பரிசோதனையும் உண்டு.

ஐஜிஜி வேண்டவே வேண்டாம். டிபிக்கு அந்த ரத்தப் பரிசோதனையை 2012-லேயே இந்தியாவில் தடை செய்துவிட்டார்கள்.

லெவோஃப்ளாக்சசின் விஷயத்தில் எனக்குக் கோபம்தான். அது டிபி கிருமியையும் கொஞ்சம் அமுக்கிவைக்கும். காய்ச்சல் இறங்கும், பரிசோதனையில் கிருமி பிடிபடாமல் போகும், பிறகு மருந்துக்கு அடங்காத டிபியாகவும் மாறலாம். இனி ஒரு மாத்திரைகூட நீங்களாக வாங்காதீர்கள்.

உங்களுக்குத் தாம்பரம் சானடோரியம் ரயிலில் இரண்டாவது ஸ்டேஷன். அங்கே அரசு நெஞ்சக நோய் மருத்துவமனையிலேயே ஏ.ஆர்.டி. மையமும் இருக்கிறது. நாளைக் காலையே போங்கள். ஏ.ஆர்.டி.யை விட்ட ஐந்து மாதத்தை மறைக்காமல் சொல்லுங்கள். எக்ஸ்ரேயோடு அந்த லெவோஃப்ளாக்சசின் அட்டையையும் கையோடு எடுத்துப் போங்கள்.